உன் கிற்றாரை நான் இன்னும் மூடவில்லை

தம்பி, அம்மா இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்குகிறேன். ஒரே கதிரையில் இருந்து எழுதி முடிக்க என்னால் முடியவில்லை. இரண்டு வரி எழுதினால் எழும்பிக் குசினிக்குப் போகிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்புகிறேன், வரும் வழியில் உன் அறைக்குள் எட்டிப் பார்க்கிறேன். உன் கட்டிலில் உன்னுடைய கிற்றார் முன்தகடு கழற்றியபடி கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பேனையை எடுக்கிறேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. பந்தல்காரரும் சமையல்காரரும் வந்து போகிற வீட்டில் நான் ஒரு கிற்றாரைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். ஏன் உன்னைக் கேட்காமல் அதைக் கழற்றினேன் என்று போன கிழமை போனில் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன், எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கி வாசி.

இது ஆரணியின் ஒரு பேச்சில் இருந்து தொடங்கியது. உன்னைக் கட்டப்போகிற அந்தப் பிள்ளை கிழமைக்கு ஒருமுறை நீ இருக்கிற மெல்பேர்ணில் இருந்தே எனக்குப் போன் எடுக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவளின் ஆசுப்பத்திரி வேலை, வீட்டுச் சாமான், சேலைக் கரை என்று எதையாவது கதைப்போம். போன மாதம் ஒருநாள் அவள் தன்னுடைய பழைய சைக்கிளைப் பற்றிச் சொன்னாள். ஒரு கிழமை அவள் சிட்னிக்கு ஒரு பயிற்சிக்குப் போய்வந்தபோது, நீ அந்தச் சைக்கிளின் இருக்கை, பிறேக், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட்டு, வர்ணமும் பூசி, அவள் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தாயாம். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்லதுதானே பிள்ளை, இனிப் பயமில்லாமல் ஓடலாம் என்றேன். அவள் கொஞ்சம் பொறுத்து, "ஓம் மாமி, நல்லதுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சேலைக் கதைக்குப் போய்விட்டாள். போனை வைத்த பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. அதே மாதிரி ஒரு "நல்லது" எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் என் உதவியாளர் வேலைக்கு நடுவில் குழாய்களைக் கழுவும்போது யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன். மூன்றாம் நாள் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போது நினைவு வந்தது. அது உன்னுடைய குரல். பதினொரு வருடத்துக்கு முந்திய உன்னுடைய குரல்.

நீ ஓ.எல். சோதனை எழுதிவிட்டு இருந்த விடுமுறையில் குருநகர் அன்ரன் அண்ணையிடம் அந்தக் கிற்றாரை வாங்கினாய். கடலுக்குப் போகிற மனிதர், கோயில் பாடகர் குழுவிலும் கலியாண வீட்டு பாண்டிலும் கிற்றார் வாசிக்கிறவர், உன்னைவிட இருபது வயது மூத்த ஒரு ஜப்பான் கிற்றாரை உன் கையில் தந்தார். அதற்குப் பிறகு எங்கள் மானிப்பாய் வீட்டில் ஒரு இரைச்சல் குடிவந்தது. நீ அம்பிளிபயரைப் போட்டவுடன், ஒரு தந்தியையும் தொடமுன்னமே, வண்டு அடைபட்ட போத்தல் மாதிரி அது இரையும். எனக்கு அதன் காரணம் தெரியும். தந்திகளுக்குக் கீழே இருக்கிற பிக்அப் என்பது ஆறு சிறிய காந்தமும் அவற்றைச் சுற்றிய செப்புக்கம்பியும்தான். முடியைவிட மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும், அம்பிளிபயர் அதைச் சத்தமாக்கும். அதே சுருள் சுவரில் ஓடுகிற வயரையும் ரியூப் லைட்டையும் கூடச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு வயரிங் பழையது, மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்துகிற நிலக்கம்பியும் ஒழுங்கில்லை. காரணம் தெரிந்த ஒரு பிழை காதில் விழுந்துகொண்டே இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. நீ உன் அறையில் மேற்கு மூலையைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பாய். என்னோடு கோபத்தில்தான் முதுகைக் காட்டுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ ஏ.எல். சோதனை முடித்துவிட்டு ஆங்கிலச் சோதனைக்காகக் கொழும்பில் சித்தப்பா வீட்டில் ஒரு கிழமை நின்றாய். அந்த ஒரு கிழமைக்காக நான் இரண்டு மாதம் ஆயத்தப்படுத்தியிருந்தேன். இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்கிற இரட்டைச் சுருள் பிக்அப்கள், பழையவற்றின் அளவிலேயே மூன்று, ஆய்வுகூட அலுமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். நீ பஸ் ஏறிய அடுத்த நாள் காலையில் தந்திகளைத் தளர்த்திக் கழற்றினேன். வெள்ளைத் தகட்டின் ஆணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டேன். எந்த வயர் எங்கே போகிறது என்று கொப்பியில் படம் வரைந்த பிறகுதான் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைத் தொட்டேன். பிக்அப்களோடு நிற்கவில்லை. திருகும்போது கரகரத்த மூன்று குமிழ்களையும், தளர்ந்துபோன சுவிச்சையும், வயர் சொருகுகிற துளையையும் மாற்றினேன். உள்ளே மரக்குழி முழுவதும் செப்புத்தாள் ஒட்டி, தந்திகள் பூட்டுகிற இரும்புக்கு ஒரு புது நிலக்கம்பி இழுத்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்து வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவனை ஒரு சொல்லுக் கேட்டுட்டுச் செய்யுமன்" என்றார். கேட்டால் அது திடீர் மகிழ்ச்சியாக இருக்காதே என்று நான் சொன்னேன். அவர் எதையும் இரண்டு தரம் சொல்கிற ஆள் இல்லை.

நீ வந்தாய். நான் உன் பின்னாலேயே அறைக்குள் வந்து நின்றேன். சொருகினாய், வாசித்தாய், சுவிச்சை அங்கும் இங்கும் தள்ளிப் பார்த்தாய். வீட்டில் ஒரு இரைச்சலும் இல்லை. தேங்காய் துருவுகிற சத்தம் பக்கத்து வீட்டில் இருந்து கேட்டது. நீ நிமிர்ந்து, "நல்லாயிருக்கு அம்மா. ஒரு சத்தமும் இல்லை" என்றாய். நான் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ வீட்டில் இருந்தாய். அந்தக் கிற்றாரை நீ எடுத்ததை நான் இரண்டோ மூன்றோ தரம்தான் கண்டேன். விசா அலுவல், வெளிநாட்டு யோசனை, பிள்ளைக்கு மனம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போன பிறகு வருடத்துக்கு ஒருதரம் தந்தி மாற்றித் துடைத்து வைத்தேன். நீ ஒருதரம்கூட அதைப் பற்றி விசாரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆரணியின் குரலில் உன் குரலைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இல்லை. உன்னுடைய சிறு வயதுக் காரியங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தன. உனக்கு ஒன்பது வயதில் தைப்பொங்கலுக்கு நீயே ஒரு பட்டம் கட்டினாயே, நினைவிருக்கிறதா. நூல் பூட்டுகிற முச்சை கோணலாக இருந்தது. அது ஏறாது, சுழன்று விழும் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விடிய நீ எழும்பமுன் நான் அதை அவிழ்த்துச் சரியாகக் கட்டி வைத்தேன். பட்டம் வயல்வெளியில் அந்த ஊரிலேயே உயரமாக நின்றது. நீ கொஞ்ச நேரம் நூலைப் பிடித்துவிட்டு அடுத்த வீட்டுப் பெடியனின் கையில் கொடுத்துவிட்டு வந்து விறாந்தையில் படுத்துக்கொண்டாய். வெயில் கூடிவிட்டது என்று நினைத்து நான் உனக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்தேன். நீ முடிச்சைப் பார்த்திருக்கிறாய். உன்னுடைய முடிச்சு இல்லை என்று கண்டிருக்கிறாய். அது எனக்கு விளங்க இருபது வருடம் எடுத்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்றும் யோசித்தேன். சண்டை நேரம், பற்றரி கிடைக்காத காலத்தில் எங்கள் வீட்டில் என் பெரியண்ணையின் ரேடியோ ஒன்று பேசாமல் கிடந்தது. அவர் வெளியில் போன நேரம் நான் அதைத் திறந்து, சைக்கிள் டைனமோவில் இருந்து வயர் இழுத்து, பெடலை மிதித்தால் செய்தி கேட்கிற மாதிரிச் செய்து வைத்தேன். எனக்குப் பதினேழு வயது. திறந்ததற்கு ஒருவரும் ஏசவில்லை. பெரியண்ணை தோளில் தட்டினார், ஊரே வந்து முற்றத்தில் நின்று செய்தி கேட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த அந்தப் பெயரை நான் இத்தனை காலமும் விடாமல் தேடிக்கொண்டு திரிந்திருக்கிறேன் போல. திறந்து சரிசெய்தால் எல்லாரும் வந்து நின்று மகிழ்வார்கள் என்று என் கைக்கு ஒரு நம்பிக்கை. ரேடியோ பேசாத வீட்டில் அது சரி. ஆனால் உன்னுடைய கிற்றார் பேசாமல் கிடந்த சாமான் இல்லையே. அது உன்னோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கலியாண அழைப்புக் காட் கொடுக்க நானும் அப்பாவும் குருநகருக்குப் போனோம். அன்ரன் அண்ணை இப்போது கடலுக்குப் போவதில்லை, மகன்தான் படகு எடுக்கிறான். வலைகளுக்கு நடுவில் கதிரை போட்டு எங்களை இருத்தினார். உன்னைப் பற்றி விசாரித்தார். அவன் இப்போதும் வாசிக்கிறானா என்று கேட்டபோது நான் இல்லை என்றேன், பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்தக் கிற்றாரை நான் திருத்திக் கொடுத்தேன், அதற்குப் பிறகு ஏனோ விட்டுவிட்டான் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தேத்தண்ணியைப் பார்த்தார். பிறகு அன்ரன் அண்ணை மெதுவாகச் சொன்னார், நீ வெளிநாடு போகமுன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாயாம். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னாயாம். அவர் ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னதை அப்படியே சொன்னார்.

"நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. இது இப்ப அம்மாவின்ரை கிற்றார்."

அவர் அதை வாங்காமல் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நீயும் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்களுக்கு ஒன்றும் காட்டாமல், அதைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறாய். அன்ரன் அண்ணை இன்னொன்றும் சொன்னார். அது இரைகிற கிற்றார்தான், ஆனால் இரைச்சல் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இல்லை, வாசிக்கிறவன் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தால் ஒரு திசையில் அது அடங்கும், அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு இருந்து வாசிக்கவேண்டும் என்று உனக்கு அவர் முதல் நாளே சொல்லித் தந்தாராம். நீ எங்கள் வீட்டு அறையில் அந்தத் திசையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாய் என்று அடுத்த கிழமையே ஓடிவந்து சொன்னாயாம். மேற்கு மூலை. நான் கோபம் என்று நினைத்த முதுகு. ஆய்வுகூடத்தில் இத்தனை வருடம் காந்தத்தையும் சுருளையும் பிள்ளைகளுக்குக் காட்டினவள் நான். சுருளைத் திருப்பினால் அது பிடிக்கிற மின்சாரம் கூடிக் குறையும் என்பது எனக்குப் பாடம். என் மகன் அதைத் தன் உடம்பால் கண்டுபிடித்து அந்த இரைச்சலோடு வாழ ஒரு வழி வைத்திருந்ததை நான் காணவில்லை.

குருநகரில் இருந்து பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு உன் அறைக்குப் போய்க் கிற்றாரை எடுத்தேன். பழையதைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், நீ வந்து இறங்கும்போது அது முந்திய மாதிரியே இரையவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. தந்தியைக் கழற்றி, தகட்டைத் தூக்கி, அன்றைக்குப் படம் வரைந்த கொப்பியை மேசை லாச்சியில் தேடி எடுத்து, நான் போட்ட வயர்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி விடுவித்துக்கொண்டிருந்தேன். அப்பா உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, முந்தி நின்ற அதே வாசலில் நின்றார்.

"உந்தக் கிற்றாரைக் கழட்ட முந்தி இந்தமுறை அவனைக் கேட்டனீரோ?"

தம்பி, நான் சூட்டுக்கோலைக் கீழே வைத்தேன். அதே வேலையை, அதே அறையில், அதே மாதிரி ஒளித்து, இரண்டாம் தரம் செய்துகொண்டிருந்தேன். வயர்கள் விடுபட்டுக் கிடந்தன. மூடவும் முடியாது, தொடரவும் முடியாது. அந்த நேரம்தான் உனக்குப் போன் எடுத்தேன். உனக்கு வேலை முடிகிற நேரமா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை.

நீ திரையில் கிற்றாரின் திறந்த வயிற்றைப் பார்த்தாய். பழைய பிக்அப் மூன்றும் இருக்கிறதா என்று கேட்டாய். இரண்டுதான் இருக்கிறது என்றேன். மூன்றாவது எங்கே என்றாய். அதை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, தடுமாறியிருப்பேன். இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். மூன்றையும் நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மின்காந்தப் பாடத்துக்குக் காட்டினேன். ஒரு வருடம் பிள்ளைகள் இதற்குள் எவ்வளவு நீளக் கம்பி இருக்கும் என்று கேட்டார்கள். நான்தான் ஒன்றின் நுனியைக் கிளப்பிப் பிரித்தேன். ஒரு பிள்ளை சுருளைப் பிடிக்க, இன்னொரு பிள்ளை கம்பியை எடுத்துக்கொண்டு நடக்க, விறாந்தையின் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்குமாகப் போய்வந்து, மணி அடிக்கும்வரை கம்பி முடியவில்லை. எல்லாரும் சிரித்தோம். அது ஒரு நல்ல பாடம் என்று ஆசிரியர் சொன்னார். பிறகு அந்தக் கம்பியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். உன்னுடைய சாமான் அது. அந்த எண்ணம் எனக்கு அந்த நேரம் ஒரு நொடிகூட வரவில்லை.

அதைக் கேட்ட பிறகுதான் நீ கோபப்பட்டாய். உன் வாழ்க்கையில் நீ என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. ஏன் அம்மா என்னைக் கேக்கேல்லை என்று இரண்டு தரம் கேட்டாய். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"நீங்கள் நல்லாத்தான் செய்தனீங்கள். அதாலைதான் எனக்கு ஒண்டும் சொல்ல ஏலாமல் போச்சு. பிழையாச் செய்திருந்தால் சண்டை பிடிச்சிருப்பன்."

பிறகு போனை வைத்துவிட்டாய். இரண்டு நாள் உன்னிடம் இருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் என்னென்ன செய்தேன் என்று அப்பாவிடம் கேட்டுப் பார். கிணற்றடியைக் கழுவினேன். கழுவிய பானைகளை மறுபடி கழுவினேன். நீங்கள் இருவரும் வந்து நிற்கப்போகிற மேல் அறையில் கட்டிலை வடக்கே தள்ளினேன், பிறகு தெற்கே தள்ளினேன், ஆரணிக்கு என்று நான் வாங்கித் தைக்க வைத்திருந்த திரைச்சீலைத் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறை உன் அறையைக் கடக்கும்போதும் கை போய்விடும். இந்த இரண்டு வயரை மட்டும் ஒட்டிவிடுவோம், மரத்தூசியை மட்டும் தட்டிவிடுவோம் என்று மனம் சொல்லும். கடைசியில் அறையைப் பூட்டித் திறப்பை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார்.

மூன்றாம் நாள் காலையில் நீ எழுதி அனுப்பினாய். பழையதைப் போடுங்கோ அம்மா, மூண்டாவதை நீங்களே சுத்துங்கோ, ஆனா மூடாதேங்கோ, நான் வந்து பாத்துட்டு மூடுறன் என்று. நான் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

என் வாழ்க்கையில் எவ்வளவோ சாமான் திருத்தியிருக்கிறேன், தம்பி, ஆனால் நீ செய் என்று சொல்லி உன்னுடைய ஒன்றை நான் திருத்தியது இதுதான் முதல்தரம். அந்த மெல்லிய கம்பி யாழ்ப்பாணத்தில் எங்கும் இல்லை. மோட்டார் சுற்றுகிற கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொழும்பில் இருந்து பஸ்ஸில் எடுப்பித்தேன். தையல் மெசினில் நூல் சுற்றுகிற சில்லில் வெறும் சுருளைப் பொருத்தி, மெல்ல மெல்லச் சுழற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணுவதற்கு ஒரு பழைய கல்குலேற்றரின் '=' என்கிற சமன் பொத்தானில் இரண்டு வயர் ஒட்டி, சில்லு ஒருமுறை சுற்ற ஒன்று கூடுகிற மாதிரிச் செய்தேன். முதல்தரம் ஆயிரத்து இருநூறில் கம்பி அறுந்தது. இரண்டாம் தரம் நாலாயிரம் தாண்டி, ஐயர் நாள்பலன் சொல்ல வந்து கூப்பிட்ட நேரம் நான் திடுக்கிட்டு இழுத்ததில் அறுந்தது. எனக்கு இப்போது கிட்ட உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், அதோடும் அந்தக் கம்பி தெரிவதில்லை, விரலால்தான் உணரவேண்டும். முந்தி என்றால் என்னில் எனக்கே ஆத்திரம் வந்திருக்கும். இந்தமுறை வரவில்லை. பிரித்துவிட்டு மறுபடியும் ஒன்றில் இருந்து தொடங்கினேன். மூன்றாம் தரம் முழுவதும் ஏறியது. மெழுகு உருக்கி அதில் தோய்த்து எடுத்து, மீற்றரில் பார்த்தேன். மற்ற இரண்டோடும் ஏறத்தாழ ஒத்து வருகிறது. ஏறத்தாழத்தான். அது உன்னுடைய பழைய மூன்றாவது சுருள் இல்லை, அதன் இடத்தில் நான் வைக்கக்கூடியது இதுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். திடீர் மகிழ்ச்சி கொடுக்க நினைத்தேன் என்று அப்பாவுக்குச் சொன்னது பொய். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பட்டத்தைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய். அந்த வேண்டாம் என்ற சொல்லைக் கேட்க எனக்குப் பயம். பிள்ளைக்கு என் கை தேவையில்லை என்று வந்துவிட்டால் பிறகு நான் இந்த வீட்டில் எங்கே நிற்பது என்று ஒரு பயம். அதனால் நீ இல்லாத நேரம் பார்த்துச் செய்தேன். செய்து முடித்த பிறகு யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? நல்லாயிருக்கு என்றுதானே சொல்லவேண்டும். அப்படிச் சொல்லவைத்துவிட்டு, அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு குழம்பு வைத்தேன். உன்னைவிட எனக்குத்தான் அந்த இரைச்சல் பொறுக்க முடியாமல் இருந்தது.

நீ அப்பாவின் முகத்தோடு பிறந்தாய். கை மட்டும் என்னுடையது. அதனால்தான் ஆரணியின் சைக்கிளைப் பற்றி உன்னோடு கதைக்கவேண்டும். அவள் என்னிடம் முறைப்பாடு சொல்லவில்லை, அவளைத் தப்பாக நினைத்துவிடாதே. ஆனால் அந்தப் பழைய பிறேக்கை எந்த அளவுக்கு அழுத்தினால் நிற்கும் என்று அவளுடைய விரலுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த இருக்கையை யாராவது அவளுக்காக உயர்த்திக் கொடுத்திருக்கலாம். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. கேள். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், இதைத் திருத்தட்டுமா என்று கேள். அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று விசாரித்து அவளைத் தோற்கடிக்கப் பார்க்காதே. அந்த வேண்டாமோடு கொஞ்ச நாள் இரு. கை துடிக்கும். எனக்கு இப்போதும் துடிக்கிறது. எதையாவது கழுவு, நட, கட்டிலை இழுத்துப் போடு. அப்பா எதையும் இரண்டு தரம் சொல்லாததால்தான் கலியாண வாழ்க்கையில் நான் ஓரளவு தப்பினேன் என்று நினைத்திருந்தேன். முதல்தரம் சொன்னதையே நான் கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சம் பிடித்திருக்கலாம். அதை அவரிடமும் நேற்றுச் சொன்னேன். ஓம் என்றார்.

அவள் ஒருநாள் நல்லதுதான் என்று சொன்னால், அந்தச் சொல் எப்படி வருகிறது என்று கவனி. வரமுன் கொஞ்சம் பொறுத்து வந்தால், கையில் உள்ளதை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இரு. என்னைப்போலப் பதினொரு வருடம் போகவிடாதே.

மேல் அறையை நான் இனித் தொடமாட்டேன். ஆரணி வந்து கட்டிலை எங்கே வேண்டுமோ அங்கே போடட்டும், யன்னலுக்கு அவள் சொல்கிற சீலையை வாங்குவோம். உன் அறையில் கிற்றாருக்குப் பழைய மூன்று இடத்திலும் மூன்று சுருளும் பூட்டியிருக்கிறேன். உள்ளே ஒட்டிய செப்புத்தாளை உரித்துவிட்டேன். குமிழ்களும் சுவிச்சும் வயர் சொருகுகிற துளையும் மட்டும் புதியவை, பழைய அளவில் தேடிப் போட்டிருக்கிறேன், பிடிக்காவிட்டால் சொல். ஆணிகள் கிண்ணத்தில் இருக்கின்றன. முன்தகடு பக்கத்தில் ஒரு துணிக்குமேல் இருக்கிறது. வயர்கள் எல்லாவற்றையும் மீற்றரில் பார்த்தேன், மின்சாரம் ஓடும் என்று தெரியும். எப்படிச் சத்தம் வரும் என்று தெரியாது. அம்பிளிபயரில் சொருக ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்றைக்கு மட்டும் அந்த வயரை மூன்று தரம் கையில் எடுத்து மூன்று தரமும் கீழே வைத்தேன். நீ சொருகிப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. வா, வந்து நீயே சொருகு. நான் வாசலில்கூட நிற்கமாட்டேன், குசினியில் இருப்பேன். கூப்பிட்டால் வருவேன்.

அம்மா